சுவரிலிருந்து எடுத்த பெயர்

என் மகனின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் உள்ள எங்கள் சபைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதை எழுதியது யார் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரில் இன்று உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால், பாவம், அவருக்கு எண்பது வயதாவது ஆகியிருக்கும். மற்றவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். பெயர்களால் நான் பட்டது போதும்.

எப்படிப்பட்ட பெயர் என்று மட்டும் சொல்லலாம். பழைய வேதாகமத் தமிழும் வடமொழியும் கலந்து, நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டிய நீளமான பெயர். கேட்டவுடன் கழுத்து மூடிய கோட்டும் பஞ்சகச்சமும் கக்கத்தில் குடையுமாக ஒரு பெரியவர் கண்முன் வந்து நிற்பார். மூன்று கிலோகூட எடையில்லாத, புருவம்கூடச் சரியாக முளைக்காத பிள்ளைக்கு அதை வைத்தார்கள்.

அப்போது நான் அஸ்தினாபுரத்தில் என் அம்மா வீட்டில், நடு அறையில் கிடந்தேன். கிடந்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. பிள்ளை பெற்றவள் உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். காதில் பஞ்சு, தலையில் துண்டு, மூன்று வேளையும் பூண்டு. போனைத் தொட்டால் கண் போய்விடும் என்று அம்மா அதைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். முப்பது பேருக்கு மாதாமாதம் சம்பளம் போட்டு, வருமான வரி பிடித்து, கிண்டியில் ஒரு அலுவலகத்தையே மேய்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது குளிக்கலாமா என்று கேட்டுக் குளித்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்பது வெளியே கூடத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது. எனக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஆனால் அதைத் தாண்டிப் போக உடம்பும் விடவில்லை, அம்மாவும் விடவில்லை.

கூடத்தில் நடந்தது இரண்டு அப்பாக்களின் சண்டை. என் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான், ஆண் பிள்ளை கிடையாது. தன் அப்பாவின் பெயர் தன்னோடு முடிந்துவிடக் கூடாது என்று அவருக்கு ஆசை. என் மாமனார் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். தலைப்பேரனுக்குத் தன் அப்பாவின் பெயர்தான் என்பது அவருக்கு விவாதிக்கும் விஷயமே இல்லை. இரண்டு பேரும் ஒரே சபை, ஒரே கமிட்டி. ஆலயத்துக்கு எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்பதில் ஒரு தடவை முட்டிக்கொண்டு, ஆறு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வரிசையில் நின்று பாடியவர்கள். இப்போது கேட்க வேண்டுமா?

எனக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு என்றால், என் மகனுக்கு. இரண்டே எழுத்து. கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் என் வயிறு ஊருக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. யார் யாரோ தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், யார் யாரோ டாக்டர் முகவரி கொடுத்தார்கள், "இன்னும் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் கேட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டமே. யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது அந்தப் பெயர்தான். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எனக்குள் சொல்லிக்கொண்டே ஊரப்பாக்கம் வந்து இறங்குவேன். வயிற்றில் அவன் வந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனோடு பேசினேன். என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "சூப்பரா இருக்கு. பொறக்கட்டும், பெரியவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். மகள் கேட்டால் பிடிவாதம், மாப்பிள்ளை சொன்னால் யோசனை. எங்கள் வீட்டு நியாயம் அப்படி.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டு குடும்பமும் அஸ்தினாபுரத்தில் கூடியது. மட்டன் பிரியாணி. பேச்சு சுற்றிச் சுற்றிப் பெயருக்கே வந்து நின்றது. என் அப்பா, "எனக்கு ஆம்பளப் புள்ள இல்லன்றது எல்லாருக்கும் தெரியும், வாயால கேட்டுட்டேன், இனிமே உங்க இஷ்டம்" என்றார். மாமனார், "சம்பந்தி, உங்க வருத்தம் புரியுது. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். நான் உள்ளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இதுதான் நேரம், இப்போது சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் சண்ட போட வேணாம். நம்ம சர்ச் சுவத்துல கல்லுல இருக்காரே உபதேசியார், பேசாம அவர் பேர வெச்சிடலாம்" என்றார்.

எங்கள் ஆலயத்தின் வடக்குச் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முதன்முதலாக வீடு வீடாக நடந்து போய் வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் பெயர் அதில் இருக்கும். பிள்ளைகள் பிரசங்கத்தின்போது பொழுது போகாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெயர். சிறு வயதில் அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்திருக்கிறோம்.

நான் உள்ளே சிரித்தே விட்டேன். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வெளியே யாரும் சிரிக்கவில்லை. பிறகு என் அப்பாவின் குரல், அழுகையோடு. "எங்க தாத்தாவுக்கு 'அ'னா எழுதக் கத்துக் குடுத்தவரு அவரு."

"எங்க குடும்பத்துக்கும் அவருதானே சம்பந்தி" என்றார் மாமனார். "இது எனக்குத் தோணாமப் போச்சே. கர்த்தர் இவன் வாயில குடுத்திருக்காரு."

எழுந்தேன். தையல் இழுத்தது. பிள்ளை தோளில், ஒரு கையால் புடவையைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு கையால் திரைச்சீலையை விலக்கி, "மாமா, ஒரு நிமிஷம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. மாமனார் ஜெபிக்க ஆரம்பித்திருந்தார்.

ஜெபத்தின் நடுவே எப்படிப் பேசுவது? நீங்களே சொல்லுங்கள். வீடு பற்றி எரிந்தாலும் எங்கள் வீட்டில் 'ஆமென்' வரைக்கும் காத்திருப்பார்கள். மாமனார் ஜெபம் என்றால் சின்ன ஜெபமும் இல்லை. உலகத் தலைவர்களில் தொடங்கி, எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்கள் வழியாக, மழை வெள்ளம் வராமல் காக்கும்படி கேட்டு, நிதானமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்து, அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, "என்று பெயரிடப்பட்ட இந்தச் சிறுவனுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். பெயரிடப்போகிற என்றுகூட இல்லை, பெயரிடப்பட்ட! என் அப்பாவும் மாமனாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார், திறந்தால் என்னைப் பார்க்க வேண்டியிருக்குமே. ஒரே ஒருத்தி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் என் நாத்தனார், கணவரின் தங்கை, அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

"ஆமென்" என்றார் மாமனார். "ஆமென்" என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன். பிறந்ததிலிருந்து பழகிய வாய், அது என்னைக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் திருடனைப்போல உள்ளே வந்தார்.

"இல்ல, நான் சும்மா பேரத்துக்குத்தான் சொன்னேன்" என்றார். "கேட்டதும் அய்யய்யோ இதுவான்னு பதறுவாங்க, அப்போ நம்ம பேர மெதுவா எடுத்து உடலாம்னு."

"ஓஹோ. தாம்பரம் மார்க்கெட்ல கத்திரிக்கா வாங்கறீங்களா?"

"நல்ல ஐடியாதான்மா. இப்படி ஆவும்னு யாருக்குத் தெரியும்?"

"வேலியில போற ஓணானப் புடிச்சு என் மடியில விட்டுட்டு ஐடியாவாம் ஐடியா. மூளைய ஃபேக்டரியிலயே கழட்டி வெச்சிட்டு வந்தீங்களா? போங்க, இப்பவே போய் வேணாம்னு சொல்லுங்க."

அவர் திரைச்சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிட்டாங்களேம்மா" என்றார்.

அதோடு முடிந்தது. வெளியாளுக்கு இது புரியாது. எங்கள் ஆட்களிடத்தில் மனை வாங்கினாலும் ஜெபம், பெண் பார்த்தாலும் ஜெபம். ஜெபித்து முடித்ததை மாற்றினால் மாமனாரை மறுத்ததாக ஆகாது, அதற்கும் மேலே போய்விடும். ஜெபம் பண்ணிய சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் சபையில் இன்னும் பேசுகிறார்கள். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

அன்று நாத்தனார்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி, நீங்க வேற பேர் வெச்சிருந்தீங்கல்ல? என்ன பேரு?" என்று கேட்டாள். அவள் ஒருத்திதான் கேட்டாள். சொன்னேன். "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு" என்று அவளும் என்னோடு சேர்ந்து அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த ஞாயிறே போதகர் பீடத்திலிருந்து அறிவித்துவிட்டார். சபையே கைதட்டியது. ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில் குட்டியார் அந்தக் கல்லை எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்தார். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு வேதாகமம் வாங்கி, அட்டையில் பொன்னெழுத்தில் பெயர் அடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். பெயர் ஒரு வரியில் அடங்காமல் இரண்டு வரியாக இருந்தது. நான் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆளாளுக்கு வந்து அவன் தாடையைப் பிடித்து, "உபதேசியாரே, எங்களையும் ஜெபத்துல நெனச்சுக்குங்க" என்று கொஞ்சினார்கள். அவன் அழுதால், "உபதேசியார் அழலாமா?" அவர்கள் மடியில் மூத்திரம் போனால், "பரவால்ல, உபதேசியார் தண்ணி தெளிச்சிட்டாரு." எல்லாம் அன்புதான். அன்பைத் தள்ளிவிட எனக்குத் தெரியவில்லை. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஒரே ஒரு இடத்தில் ஆறுதல் கிடைத்தது. தடுப்பூசி போடப் போனபோது அங்கிருந்த ஆயாம்மா பெயர் கேட்டார். சொன்னேன்.

"பெரியவர் பேரு கேக்கலமா. கொயந்த பேரு சொல்லு."

"குழந்த பேருதான்."

அந்த அம்மா என் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா இது, இம்மாத்தூண்டு புள்ளிக்கி இம்மா நீட்டு பேரு? ஊசி போட்டு முடிச்சிர்லாம், பேரு முடியாது போல கீதே." அந்த வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசி போட்டதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞானஸ்நானம் முடிந்து ஊரப்பாக்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தோம். மூன்றாவது மாடி. என் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கம்பெனி பஸ் வந்தால் போவார், திரும்பி வந்தால் தூங்குவார். நான் விடுப்பில் இருந்தேன். பால்கனியில் கம்பி போட்டிருந்தது. அதற்குப் பின்னால் நானும் பிள்ளையும். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

செல்லமாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாமனார் வாரத்துக்கு ஒரு நாள் முறுக்குப் பொட்டலத்தோடு வருவார். ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா, வீட்டுல கூப்பிட சின்னதா ஏதாவது வெச்சுக்கலாமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "வேணாம்மா. நான் எத்தனையோ பிள்ளைங்களப் பாத்துட்டேன். ரெண்டு பேர் இருந்தா நல்ல பேர் ரெஜிஸ்டர்ல மட்டும் இருக்கும், கூப்பிடுற பேர்தான் நிக்கும். பெரியவர் பேரு. வாய் நிறையக் கூப்பிடுவோமே" என்றார். பிறகு குனிந்து, மூச்சு வாங்கி, முழுப் பெயரையும் சொல்லி என் மகனைக் கூப்பிட்டார். அவ்வளவு மரியாதையாக இன்னொரு மனிதர் ஒரு கைக்குழந்தையைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னத்தைச் சொல்ல?

ஆனால் அவர் போய்க் கதவு சாத்தியதும், இவர் கம்பெனி பஸ் ஏறியதும், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தானே. நான் அவனுக்கு வைத்திருந்த அந்தப் பெயரைத்தான் சொன்னேன். குளிப்பாட்டும்போது, பால் கொடுக்கும்போது, துணி மடிக்கும்போது. இரண்டு எழுத்தை நீட்டிச் சொன்னால் ஒரு சிரிப்பு, வெட்டிச் சொன்னால் இன்னொரு சிரிப்பு. தவழ ஆரம்பித்த பிறகு, சமையலறையிலிருந்து சொன்னால் போதும், படுக்கையறையிலிருந்து தஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்து நிற்பான். திருட்டுத்தனம்தான், தெரிந்துதான் செய்தேன். அந்த மூன்றாவது மாடியில் எனக்கு மூச்சு விடக் கிடைத்த இடம் அது.

இதற்குள் நாத்தனாருக்கும் ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு நாள் மாடம்பாக்கத்திலிருந்து போன் பண்ணினாள். கொஞ்ச நேரம் பால், தூக்கம், வயிற்று வலி என்று பேசிவிட்டு, "அண்ணி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"நீங்க தம்பிக்குன்னு ஒரு பேர் வெச்சிருந்தீங்கல்ல. அது என் மனசுலயே நிக்குது. உங்களுக்கு இனிமே அது வேணாம்தானே? அவ்ளோ அழகான பேரு யாருக்கும் இல்லாமப் போவுதேன்னு இருக்கு. எம்புள்ளைக்கு வெச்சிக்கட்டுமா?"

என் மகன் அப்போது என் கால் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குக் கஷ்டம்னா வேணாண்ணி, சத்தியமா" என்றாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் புடிச்சிருக்கு. அப்பா கூட நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. நீங்க குடுத்த பேரு, அதனால நீங்கதான் ஞானத்தாயா நின்னு சொல்லணும். வேற யாரையும் நான் கேக்க மாட்டேன்."

அப்பா கூட நல்லாருக்குன்னு சொல்லிட்டாராம்! மகள் வீட்டுப் பேரன்தானே, அவனுக்கு எது வைத்தாலும் சரி, இரண்டு எழுத்துப் போதும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் என்ன காரணம் சொல்லி மறுப்பது? என் மகனுக்குத்தான் பெயர் இருக்கிறதே, கல்லில் வெட்டிய பெயர். தர மாட்டேன் என்று பூட்டி வைக்க அது என் பீரோ நகையா? அவனை நான் இன்னும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள், அழுதுகொண்டே விட்டுக்கொடுத்திருப்பாள். பிறகு ஏன் விட்டாள் என்று அவள் வீட்டில் கேட்பார்கள், மாமனாருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். அந்த இரண்டு பெரியவர்களும் அந்த ஜெபத்துக்குப் பிறகுதான் ஒன்றாக டீ குடிக்கிறார்கள்.

"வெச்சுக்கம்மா" என்றேன்.

"தேங்க்ஸ் அண்ணி. நீங்க எனக்கு இன்னொரு அம்மா" என்றாள்.

அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்த ஞாயிறு ஆலயத்தில் நல்ல கூட்டம். ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி மல்லிகை கட்டியிருந்தார்கள். நாத்தனாரின் பிள்ளையை வெள்ளை கவுன் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை, தலை நிற்காத குழந்தை. என் மகனை வைத்துக்கொண்டு என் கணவர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமனாரும் அப்பாவும் அவருக்குப் பின்னால், பக்கத்தில் பக்கத்தில்.

போதகர் புத்தகத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.

மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. போதகர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, "பேரச் சொல்லுங்கம்மா" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார். நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

சொன்னேன். அந்தப் பெயரை நான் நாலு பேர் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் கோயில் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து "ஆ!" என்று ஒரு கத்தல். என் மகன் தன் அப்பாவின் பிடியிலிருந்து எம்பி, இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டி, வீட்டில் கூப்பிட்டால் எப்படிச் சிரிப்பானோ அப்படிச் சிரித்தான். 'வந்துட்டேன்' என்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. போதகர் தண்ணீரை அள்ளி என் கையில் இருந்த குழந்தையின் தலையில் ஊற்றினார். சபை சிரித்தது. "அம்மா வேற புள்ளயத் தூக்கினா உபதேசியாருக்குப் பொறுக்குமா?" என்று பின்னால் யாரோ ஒரு அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. மாமனாரும் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் இறங்கிப் போய் என் மகனைத் தூக்க முடியாது. ஆராதனை முறைமையில் இன்னும் கேள்விகள் இருந்தன. "விசுவாசிக்கிறீர்களா?" என்று போதகர் கேட்டார். "விசுவாசிக்கிறேன்" என்று படித்தேன். அவன் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, நான் வராததால், அழ ஆரம்பித்தான். கணவர் அவனை வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றது. அவன் எங்கள் நடுவில் தூங்கிப்போயிருந்தான். என் கணவர் திரும்பாமலேயே, "வீட்டுல அந்தப் பேர்லதான் கூப்பிடறியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எப்பலேருந்து?"

"பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

சிக்னல் விழுந்தும் அவர் கிளப்பவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நான் வேணா அப்பாகிட்ட பேசறேன்" என்றார்.

"எதப் பேசுவீங்க? அதான் குடுத்தாச்சே" என்றேன். கத்தத்தான் நினைத்தேன். நடுவில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

வேறு வழியில்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு பையன்கள் ஒரே பெயருக்குத் திரும்பினால் அடுத்த விசேஷத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். மறுநாளிலிருந்து என் மகனை அவனுடைய பெயரால் கூப்பிட ஆரம்பித்தேன். உபதேசியாரின் பெயர், முழுசாக. முதல் தடவை கூப்பிட்டபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவைப் பார்த்தான். அந்தப் பெயரைச் சொல்வது தாத்தாதானே, தாத்தா முறுக்கோடு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி கதவைப் பார்த்தான்.

நாள் கணக்காக இது நடந்தது. கூப்பிடுவேன், கதவைப் பார்ப்பான். பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு கூப்பிடுவேன், பிஸ்கட்டைப் பார்ப்பான். பசித்து என்னிடம் தவழ்ந்து வரும்போது சொல்வேன், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்வேன். பழைய பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்கும், அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கையில் ஈரச் சட்டையோடு, பெரிதாக எதிர்பார்க்காமல் கூப்பிட்டேன். அவன் திரும்பினான். கதவுப் பக்கம் இல்லை, என் பக்கம். 'என்ன?' என்பதுபோலப் பார்த்தான். ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். கணவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். மாமனாரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவரைப் பொறுத்தவரை அவன் எப்போதும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் போயிருக்கும். ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லை. அவன் தரையில் உட்கார்ந்து குக்கர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, மெதுவாக, அந்த இரண்டு எழுத்தைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை. சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று, கிட்டே போய்ச் சற்று உரக்கச் சொன்னேன். மூடியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.